புழுப்பெட்டியில் குடியிருப்போர் பட்டியல்

பூச்சியைக் கொல்வதுதான் என் பிழைப்பு. இருபத்திநாலு வருஷமாக முதுகில் மருந்து டப்பா, கையில் குழாய், மார்பில் கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை. ஆஸ்பத்திரி, ஹோட்டல், கிடங்கு, அடுக்குமாடி என்று நான் நுழையாத கட்டடம் இல்லை. நான் உள்ளே வந்தால் வீட்டுக்காரர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். இந்த மரியாதை ஒரு மந்திரிக்குக்கூடக் கிடைக்காது என்று நானே பீற்றிக்கொள்வதுண்டு. அப்படிப்பட்டவன் வீட்டில், சமையலறையை ஒட்டிய பின் பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், என் மனைவி புழு வளர்த்தாள்.

ஆமாம், புழுதான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, மேலே ஒரு மூடி. காய்கறித் தோலும் நனைத்த அட்டையும் போட்டால் சிவப்பு மண்புழுக்கள் தின்று உரமாக்கிக் கொடுக்கும். அவள் பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரி கேண்டீனில் காய் நறுக்கியவள். தினமும் எட்டு வாளித் தோல் அவள் கண் முன்னாலேயே குப்பைக்குப் போகும். மணிக்கட்டு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். விட்ட பிறகு இரண்டு மாதம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்டால் "ம்" என்பாள், அதோடு சரி. அப்புறம் எங்கேயோ படித்துவிட்டு இந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். பெட்டியோடு அவளுக்குப் பேச்சும் திரும்பி வந்தது. "இந்தா, கோசு இலை, மெதுவா சாப்பிடு" என்று புழுக்களிடம் கொஞ்சுவாள். என்னிடம் அவ்வளவு இனிமையாகப் பேசி ரொம்ப நாளாகிறது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டி போனால் அவள் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை விட்டு வந்தால் நான் எதையும் தொடக் கூடாது. இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன். மனைவி முன்னால் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து விடுவாள். குளியலறைக் குழாயைக்கூட அவள்தான் திறப்பாள். சட்டைக்குத் தனி வாளி. அரை மணி நேரம் தேய்த்துக் குளித்த பிறகுதான் நான் இந்த வீட்டு மனுஷன். மகள் பிறந்த நாளிலிருந்து இப்படித்தான். சின்ன வயதில் அவள் என்னைப் பார்த்ததும் "கைதி வந்தாச்சு, கைதி வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடுவாள்.

அந்த மகளுக்கு இப்போது ஏழு மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவார். அதுவரை அவள் எங்களோடு இருக்கிறாள். வயிற்றுக்குள் இருப்பது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாக உதைக்கிறது. நான் குளித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. மனைவி கை வைத்துப் பார்த்துவிட்டாள், பக்கத்து வீட்டு அக்காகூடப் பார்த்துவிட்டார். நான் தலையைக்கூடத் துவட்டாமல் ஓடி வருவதற்குள் அது தூங்கிப் போயிருக்கும். ஒன்றரை மாதமாக இதே கதை. "உன் பிள்ளைக்கு என்னைக் கண்டா ஆகாது போல" என்று சிரித்துச் சமாளிப்பேன். ஆனால் எனக்கு அது ஏக்கமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியிலிருந்து மகள் அலறினாள்.

"அப்பா! கையில என்னமோ ஊருது!"

வாழைப்பழத் தோலைப் போடப் பெட்டியின் மூடியைத் தூக்கியிருக்கிறாள். அவள் மணிக்கட்டில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. நான் விரலை நீட்டியதும் அது காணாமல் போனது. மூடியின் உள்பக்கம் பார்த்தேன். அங்கே ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள், எல்லாமே நகர்ந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"பேரு என்ன?"

"பேரு... அது ஈரத்துல வர்ற பூச்சி."

"ஈரத்துல வர்ற பூச்சின்னு ஒரு பேரா? இருபத்திநாலு வருஷமா பூச்சி வேலை பாக்கறீங்களேப்பா!"

அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறாள். மழுப்பலான பதில் அவளிடம் செல்லாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தீர்ப்பு மாதிரி சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. எல்லாம் சாதுன்னா பெட்டி இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு ஆபத்தானது இருந்தாலும் பெட்டி போயிடணும். பொறக்கப் போற பிள்ளை இங்கதான் தவழும்."

என் மனைவி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "அவ சொல்றது சரிதான்" என்று மூடியைச் சாத்தினாள். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்குத்தான் என் வண்டவாளம் எனக்கே தெரிந்தது. பூச்சிகளில் எனக்கு ஆறு பேரைத்தான் தெரியும். கரப்பான், எறும்பு, கரையான், மூட்டைப்பூச்சி, கொசு, ஈ. அவர்களையும் செத்த பிறகுதான் நிதானமாகப் பார்த்திருக்கிறேன். கம்பெனிப் படிவத்தில் நாலு கட்டம் உண்டு: பூச்சியின் வகை, காணப்பட்ட இடம், மருந்து, அளவு. அது என்ன தின்னும், எப்படி வாழும் என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. நானும் கேட்டதில்லை.

வீட்டில் புதுப் படிவக் கட்டு ஒன்று கிடந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டாள், கூடவே தன் போனையும். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய பூதக்கண்ணாடியை அலமாரிக்குள் தேடிக் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, குளித்த கையோடு, ஒரு கரண்டி மண்ணை வெள்ளைத் தட்டில் பரப்பிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் போனில் தேட வேண்டும்.

"கால் எத்தனை?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"இரு, ஓடுது."

"ஓடினாலும் கால் இருக்கும்ல, எண்ணுங்க."

வெள்ளைப் புள்ளிக்கு ஆறு கால். இறக்கை இல்லை. தட்டின் ஓரத்துக்கு ஓடும், சட்டென்று மறையும், அடுத்த நொடி ஒரு சாண் தள்ளி நிற்கும். எப்படிப் போகிறது என்று புரியாமல் அரை மணி நேரம் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது. வயிற்றுக்கு அடியில் கவை மாதிரி ஒரு வாலை மடக்கி ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறது. ஆபத்து என்றால் கொக்கியை விட்டுவிடும். வால் தரையில் அடிக்கும், ஆள் மேலே பறந்துவிடும். இவ்வளவு சின்ன உடம்புக்குள் ஒரு வில்லை வைத்து, அதற்கு ஒரு கொக்கியையும் மாட்டி வைத்தது யார்? நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்ததில் டீ ஆறிப்போனது.

"துள்ளுப்பூச்சி" என்று எழுதிக்கொண்டாள் மகள். "பூஞ்சையைத் தின்னுமாம். கடிக்காது. மருந்துக் கட்டத்துல என்னப்பா எழுத?"

"கோடு போடு" என்றேன். அந்தக் கட்டத்தில் கோடு விழுந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது பழுப்பு நிறத்தில் குண்டு குண்டாக நகர்ந்தவை. எட்டுக் கால். "உண்ணி வகை" என்று போனில் வந்ததும் மகள் நாற்காலியோடு பின்னால் போனாள். நல்லவேளை, ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அழுகல்தான் சாப்பாடு. பிறகு வெள்ளை நூல் மாதிரி ஒன்று, கொத்துக் கொத்தாக. வயிற்றுப் பூச்சியோ என்று எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அதுவும் மண்புழுவின் சொந்தக்காரன்தான், என்ன, அதற்குமேல் வளராது. மரவட்டைக்குக் கால் எண்ணும் வேலையை மட்டும் மகள் தள்ளுபடி செய்தாள்.

என்னை உலுக்கிய ஆள் செவ்வாய்க்கிழமை வந்தான். சாம்பல் நிறம், முதுகில் ஓடு ஓடாக அடுக்கு, பதினாலு கால். இதைக் குளியலறை மூலைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "அதையும் சேத்து அடிச்சிடுங்க" என்பார்கள், அடித்துவிடுவேன்.

"அப்பா, இது பூச்சியே இல்லை" என்றாள் மகள். "நண்டு, இறால் குடும்பமாம். கடல்லேருந்து கரையேறி வந்த சொந்தம். இன்னும் செவுளாலதான் மூச்சு விடுதாம். அதனாலதான் ஈரம் இல்லாம இருக்க முடியலை."

மூன்றாவது மாடி. கீழே தார் ரோடு, பக்கத்தில் ஒரு குளம்கூடக் கிடையாது. இங்கே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கடலிலிருந்து வந்தவன் ஒருவன் செவுளை நனைத்துக்கொண்டு குடியிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை மெதுவாகப் புரட்டிப் பார்த்தேன். வயிற்றின் அடியில் ஒரு பை, பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாக இருபது முப்பது குட்டிகள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் இத்தனை நேரம் கோசுத் தண்டின் மேல் ஏறி இறங்கியிருக்கிறாள்.

மகள் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு "முப்பதா! எனக்கு ஒண்ணுக்கே முதுகு போகுது" என்றாள். அன்றைக்கு அவளாகவே ஒரு வெள்ளரித் துண்டைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். சமையலறையில் என் மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இதைப் பார்த்தாள், ஆனால் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மண்ணுக்குள் எலுமிச்சம்பழம் கிடைத்தது. அதாவது எலுமிச்சம்பழ வடிவத்தில், அரிசியில் பாதி அளவுக்கு, தேன் நிறத்தில் ஒன்று. "அது மண்புழு முட்டைக்கூடு" என்று மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடி நூல் சுருண்டிருந்தது. நூலுக்குள் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க, எல்லாரும் வாங்க" என்று கத்தினேன். மூன்று பேரும் ஒருவர் தலையை ஒருவர் இடித்துக்கொண்டு பார்த்தோம். "ஸ்கேன்ல பாத்தேனே, இப்படித்தான் துடிச்சுது" என்று மகள் மெல்லச் சொன்னாள். என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சொன்னால் என்ன, நான் அழுதேன்.

பட்டியல் பத்து வரியானது. எல்லா வரியிலும் மருந்துக் கட்டத்தில் கோடு. பெட்டி தப்பித்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், தட்டை உள்ளே கவிழ்க்கப் போன மகள், "அப்பா, தேள்!" என்றாள்.

நானும் பார்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் இரண்டு கொடுக்கு, நண்டு மாதிரி விரித்து வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. நான் கண்ணாடியை எடுப்பதற்குள் அட்டைக்கு அடியில் போய்விட்டது. எவ்வளவோ தேடினோம், கிடைக்கவில்லை. மகள் பதினொன்று என்று எண் போட்டு, "தேள்?" என்று எழுதிப் பேனாவை மூடினாள். "தேள்னா தேள்தாம்ப்பா. பேசினது பேசினதுதான்." என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாற்காலியில் அவளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

வியாழக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கிடங்கில் கரையானுக்கு மருந்து. டப்பாவில் கலக்கும்போது கையுறை கட்டைவிரல் பக்கம் கிழிந்து உள்ளே நனைந்துகொண்டே இருந்ததுகூட உறைக்கவில்லை. என் மனசு பெட்டிக்குள் இருந்தது. கொடுக்கு இருந்தது சரி, பின்னால் வால் இருந்ததா? வால் இல்லை என்றால் கொட்ட முடியாது. இருந்த மாதிரி ஞாபகம் இல்லை. பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மனைவி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். கதவு திறந்து விட ஆள் இல்லை, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பொறுமையும் இல்லை. நேராகப் பால்கனிக்குப் போய் மூடியைத் தூக்கினேன். நனைந்த அட்டையின் மேல் இடது கையை ஊன்றிக்கொண்டு வலது கையால் அதன் ஓரத்தில் தோண்டினேன். நாலாவது பிடி மண்ணில் ஆள் அகப்பட்டான். இரண்டு விரலால் எடுத்து ஒரு பாட்டில் மூடிக்குள் விட்டேன்.

"பாப்பா, வா! வால் இல்லை! எட்டுக் காலு, ரெண்டு கொடுக்கு, வாலே இல்லை!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போனைத் தட்டினாள். "பொய்த்தேள்!" என்று கூவினாள். "மனுஷங்களை ஒண்ணும் பண்ணாதாம். உண்ணியைப் பிடிச்சுத் தின்னுமாம். அப்பா, இதைக் கேளுங்க. ஊர் விட்டு ஊர் போகணும்னா ஈயோட காலைக் கொடுக்கால பிடிச்சுத் தொங்கிக்கிட்டே போகுமாம்!" நாங்கள் இரண்டு பேரும் அந்த மூடியைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தோம். டிக்கெட் எடுக்காமல் ஈயில் ஏறி எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்திறங்கிய அந்த எள்ளளவு ஆசாமியை நினைத்து நான் மலைத்துப்போனேன்.

சிரித்த சிரிப்பில் மகள் சட்டென்று நின்றாள். "அப்பா, உதைக்குது! இப்போ உதைக்குது, சீக்கிரம் கை வைங்க!"

கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"குளிக்காம என்ன அது!"

துணிக் குவியலோடு மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அந்தக் குரலுக்கு என் கை தானாக மேலே போய்விட்டது. குளியலறைக் கதவைத் திறந்து விட்டாள். போகும்போது முணுமுணுத்தேன். "ரெண்டு நிமிஷம் தொட்டா என்ன ஆயிடும்? குடியா முழுகிடும்?" குளித்துவிட்டு வந்தேன், உள்ளே இருந்தது தூங்கிவிட்டது. எனக்கு மனைவி மேல் கோபம் கோபமாக வந்தது. அன்று சாப்பிடும்போது அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பெட்டியைத் திறந்தேன்.

அட்டை முழுக்கத் துள்ளுப்பூச்சிகள் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் மட்டும் எதுவும் அசையவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அங்கே கிடந்தவை எல்லாம் செத்தவை, நூற்றுக்கணக்கில், நெருக்கமாக. கண்ணாடியை விலக்கிப் பார்த்தபோதுதான் அந்த வெள்ளையின் வடிவம் தெரிந்தது. ஓர் உள்ளங்கை, அதிலிருந்து ஐந்து விரல்கள். சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. என் இடது சுண்டுவிரல் பழைய முறிவில் அப்படித்தான் வளைந்திருக்கும்.

வலது கை தோண்டிய குழியில் இரண்டு மண்புழுக்கள் சுருண்டு கிடந்தன. பாட்டில் மூடிக்குள் பொய்த்தேள் கொடுக்கை மடக்கிக்கொண்டு செத்திருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் மகள் கூப்பிட்டபோது அவளுக்கும் எனக்கும் நடுவில் ஓர் அடிதான் இருந்தது. என் மனைவி துணியை மடித்து வைத்துவிட்டு நிதானமாக வந்திருந்தால் இந்த ஐந்து விரலும் எங்கே பதிந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் குளிர் எடுத்தது. ஒரு துணி, அதற்குப் பின்னால் தோல், அவ்வளவுதான் தடுப்பு. உள்ளே ஒரு சிவப்புக் கோடு விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது.

கோழைத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும், நான் அதை மறைத்தேன். அட்டையை எடுத்து, மாதிரி சேகரிக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். தோண்டிய இடத்து மண்ணை வழித்து வெளியே எடுத்தேன். புது அட்டையை நனைத்துப் போட்டேன். "அட்டை புதுசா இருக்கே?" என்றாள் மனைவி. "பழசு நைஞ்சு போச்சு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சமையலறை மேஜையில் மகள் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆபீஸில் படிப்பது மாதிரி படித்தாள். மண்புழு, துள்ளுப்பூச்சி, உண்ணி, நூல்புழு, பதினாலு கால்காரி என்று பதினோரு வரி, பதினோரு கோடு. பதினோராவது வரியில் "தேள்?" என்பதை அடித்துவிட்டுப் "பொய்த்தேள்" என்று திருத்தியிருந்தாள்.

"அவ்ளோதானே? வேற ஆபத்தானது எதுவும் இல்லையே?" என்று கேட்டுப் பேனாவை எடுத்தாள். மனைவி ஈரக் கையோடு நின்றாள். ஒரு "இல்லை" சொன்னால் போதும், பெட்டி இருக்கும், என் மானமும் இருக்கும்.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. நான் அலமாரியிலிருந்து பையை எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் புரியவில்லை. புரிய வைக்க நான் என் இடது கையை எடுத்துப் பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

மகளின் கை அவளை அறியாமலே வயிற்றுக்குப் போனது. "வியாழக்கிழமையா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். "கெட்டது பெட்டிக்குள்ள இல்லை பாப்பா. அதுங்க எல்லாம் சாது. நான்தான் வெளியிலேருந்து கொண்டுவந்தேன். அம்மா மட்டும் கத்தலைன்னா..."

"இனிமே நான் தூரத்துலேருந்தே பாத்துக்கறேன்" என்றேன். சொன்னது விளையாட்டுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கை சுத்தமாகும் என்ற நம்பிக்கை எனக்கே போய்விட்டிருந்தது. மூன்று நாளாகச் சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். "தூரமா கிட்டவான்னு நாம முடிவு பண்ண வேண்டாம்" என்றாள். "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. அதுங்களையே கேட்டுப் பாத்துடலாம்."

சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன், திரும்பவும் ஒரு தடவை கழுவினேன். அவள் ஒரு புது அட்டையை நனைத்து நீட்டினாள். அதன் மேல் இடது கையை வைத்து அழுத்தச் சொன்னாள். பென்சிலால் விரல்களைச் சுற்றிக் கோடு இழுத்தாள். பிறகு அந்தக் கோட்டுக்குள் பெட்டி மூடியைத் தட்டினாள். வெள்ளைப் புள்ளிகள் பொலபொலவென்று விழுந்தன. அட்டையை ஒரு டப்பாவில் வைத்து மூடி, "நாளைக்குக் காலையில பாக்கலாம்" என்றாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நான் அந்த டப்பாவைச் சுற்றியே வந்தேன்.

வேலையை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கரப்பான் கரப்பான்தான், அதை யாராவது அடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் "அதையும் சேத்து அடிச்சிடுங்க" என்று யாராவது சொன்னால் இப்போது நான் குனிந்து பார்க்கிறேன். கால்களை எண்ணுகிறேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் பால்கனியில் நின்றோம். மனைவி டப்பாவைத் திறந்தாள். பென்சில் கோட்டுக்குள், கட்டைவிரலில், உள்ளங்கை நடுவில், வளைந்த சுண்டுவிரலின் நுனியில் என்று எல்லா இடத்திலும் அவை நடந்துகொண்டிருந்தன. மகள் அட்டையின் ஓரத்தைச் சுண்டினாள். அத்தனையும் ஒரே நேரத்தில் துள்ளின. ஒன்று என் மூக்கில் வந்து விழுந்தது.

மகள் பட்டியலை எடுத்தாள். பன்னிரண்டாவது வரி நேற்றிலிருந்து காலியாகவே இருந்தது. வகை என்ற கட்டத்தில் "அப்பா கை" என்று எழுதினாள். காணப்பட்ட இடம், "வாசல்". மருந்து, "சோப்பு". அளவு, "ரெண்டு தடவை". கீழே கையெழுத்துப் போட்டு, பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

பிறகு என் இடது கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். காலை நேரம், அது உதைக்கிற நேரமில்லை. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அவள் விடவில்லை. மனைவி பெட்டிக்குள் உருளைக்கிழங்குத் தோலைப் போட்டுவிட்டு, அன்றைக்குக் கொஞ்சாமல், எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து ஒன்று என் உள்ளங்கையை ஓங்கி உதைத்தது. நான் திடுக்கிட்டுப் போனேன். அது இன்னொரு தடவை உதைத்தது.

"கால் எத்தனைப்பா?" என்று கேட்டாள் மகள்.

வலது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினேன்.